ஸ்கேனுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை

எனக்கு வந்த நோயைப் பற்றி யார் கேட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுவேன். கழுத்தில் கட்டி வந்ததும், முடி கொட்டியதும், ஒரு வாய் கஞ்சி இறங்காமல் கிடந்ததும் கடைக்கு வருகிற எல்லோருக்கும் அத்துப்படி. இரண்டாவது ஸ்கேனைப் பற்றி மட்டும் வாயைத் திறந்ததில்லை. அதைச் சொன்னால் அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமையையும் சொல்ல வேண்டும். நினைத்தாலே இப்போதும் உடம்பு கூசுகிறது. ஆனாலும் இந்த ஸ்கேனுக்குப் போகப்போகிற யாராவது இதைப் படித்துவிட்டு என்னை மாதிரிக் கிறுக்குத்தனம் பண்ணாமல் இருந்தால் நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

ஆனையூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பிச் சுருள், அதாவது காயில், சுற்றிக் கொடுக்கிற வேலை. சாமி கும்பிடாத ஆள். கும்பிடாமல் இருந்தால் பரவாயில்லை, கும்பிடுகிறவர்களைச் சும்மா விடவும் மாட்டேன். நெற்றி நிறைய விபூதியோடு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வருகிறவரிடம், "ஏண்ணே, சாமிகிட்டயே குடுத்து ஒரு காயில் கட்டிட்டு வந்திருக்கலாம்ல?" என்று கேட்பேன். கடையே சிரிக்கும். எனக்கு அது ஒரு கெத்து.

கட்டியை முதலில் கண்டுபிடித்தது முடிவெட்டுகிறவர்தான். "அண்ணே, கழுத்துல நெல்லிக்கா கணக்கா என்னமோ தட்டுப்படுதே" என்றார். வலி இல்லை, அதனால் விட்டுவிட்டேன். அது பெரிய நெல்லிக்காய் ஆனபிறகு என் மனைவி பேச்சியம்மாள் தொல்லை தாங்காமல் டாக்டரிடம் போனேன். ஊசியால் குத்தி எடுத்தார்கள். அது போதாது என்று ஒரு கட்டியை முழுசாக வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். லிம்போமா என்று வந்தது.

காலில் முள் குத்திப் பழுத்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுமே, அந்த நெறி இருக்கிற இடங்களில் வருகிற புற்றுநோய் அது. கழுத்து, அக்குள், வயிற்றுக்குள், தொடை இடுக்கு என்று உடம்பு முழுக்க நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. கிருமி உள்ளே வந்தால் மறிப்பதற்காக இருக்கிற காவல் சாவடிகள். காவல்காரனே திருடன் ஆகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்ன டாக்டரம்மா சின்ன வயசுக்காரர். அவசரப்படாமல் பேசுவார். கேட்டதையே திரும்பக் கேட்டாலும் முகம் சுளிக்க மாட்டார்.

விஷயம் தெரிந்த அன்று வீட்டுக்கு வந்ததும் பேச்சியம்மாள் ஒரு மஞ்சள் துணியில் காசை முடிந்து அரிசி டப்பாவுக்குள் வைத்தாள். நான் பார்த்துவிட்டேன். எனக்கு உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தது. அந்த நடுக்கத்துக்கு ஒரு ஆள் கிடைத்த மாதிரி அவள்மேல் பாய்ந்தேன். துணியை அவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டு போய், தெருமுனைக் கடையில் டீயும் வடையும் வாங்கித் தின்றேன். மறுநாள் அதைக் கடையில் வேடிக்கையாகவும் சொன்னேன். பேச்சியம்மாள், "உங்களுக்குப் பிடிக்கலைன்னா விட்டுர்றேன்" என்று மட்டும் சொன்னாள். சொன்னபடியே விட்டும் விட்டாள்.

கீமோ தொடங்கும் முன்பு பெட்-சி.டி. என்று ஒரு ஸ்கேன். பேர்தான் புதிதாக இருக்கிறது, விஷயம் எளிது. ஒரே மிஷினுக்குள் இரண்டு ஸ்கேன். சி.டி. என்பது உடம்பின் வரைபடம். எந்த உறுப்பு எங்கே, எந்தக் கட்டி எவ்வளவு பெரிசு என்று காட்டும். ஆனால் அந்தக் கட்டி உயிரோடு இருக்கிறதா, செத்த தழும்பா என்று அதற்குத் தெரியாது. அதைச் சொல்லத்தான் பெட். என் தொழிலில் பார்த்தால், மோட்டாரைப் பிரித்து வைத்துப் பார்க்கும்போது எல்லாக் காயிலும் ஒழுங்காகத்தான் தெரியும். ஓடவிட்டுத் தொட்டுப் பார்த்தால்தான் எது கொதிக்கிறது என்று பிடிபடும். புற்றுநோய் செல்லுக்குச் சர்க்கரை என்றால் உயிர். கதிர்வீச்சு சேர்த்த ஒருவகைச் சர்க்கரையை ஊசியில் ஏற்றி, அதை எந்த இடம் அள்ளித் தின்கிறது என்று படம் பிடிக்கிறார்கள். அந்தப் படத்தை சி.டி. படத்தின் மேல் ஏற்றிப் பார்த்தால் எரிகிற விளக்கும் தெரியும், அது இருக்கிற வீட்டு விலாசமும் தெரியும்.

ஒரு சிக்கல் உண்டு. சர்க்கரையைத் தின்பது புற்றுநோய் மட்டும் இல்லை. மூளை தின்னும், இதயம் தின்னும். முந்தின நாள் கனமான வேலை செய்திருந்தால் சதை தின்னும். எங்காவது புண்ணோ சீழோ இருந்தால் அதை ஆற்ற ஓடிவருகிற செல்களும் தின்னும். படத்தில் எல்லாம் வெளிச்சம்தான். அதனால்தான் ஊசி போடும் முன்பு அத்தனை கேள்வி கேட்கிறார்கள். காய்ச்சல் உண்டா, அடிபட்டதா, தடுப்பூசி போட்டீர்களா, நேற்று ஓடினீர்களா, கனம் தூக்கினீர்களா. இந்தப் பாடத்தை முதல் ஸ்கேனிலேயே எனக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். தெரியாமல் செய்தேன் என்று சொல்லித் தப்பிக்க எனக்கு வழியே இல்லை.

அந்த முதல் ஸ்கேனுக்கு முந்தின நாள் இனிப்பும் சோறும் கூடாது என்றார்கள். நான் முட்டையும் கீரையும் தின்ன, பேச்சியம்மாளும் அதையே தின்றாள். காலையில் நான் வெறும் வயிறு, அவளும் வெறும் வயிறு. "உனக்கு யாரு ஸ்கேன் எடுக்கப் போறா?" என்றேன். "பசிக்கல" என்றாள். அவள் தம்பி முத்துராசு வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து நின்றான். பணம் கட்டுகிற இடத்துப் பக்கம் என்னை அண்டவே விடவில்லை. "நீங்க அங்கிட்டு உக்காருங்க மச்சான், இதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்பான். நான் அவனையும் கிண்டல் செய்திருக்கிறேன், அவன் சபரிமலைக்கு மாலை போடும்போதெல்லாம்.

ஊசி போட்டபிறகு தனியாக ஒரு அறையில் போர்வையைக் கொடுத்துப் படுக்க வைத்துவிடுகிறார்கள். பேசக் கூடாது, போனைத் தொடக் கூடாது, அசையக் கூடாது. சர்க்கரை போய்ச் சேர வேண்டிய இடம் சேருகிற வரைக்கும் சும்மா கிடக்க வேண்டும். வாயாடிக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. பிறகு மிஷினில் கையைத் தலைக்கு மேல் தூக்கி வைத்துப் படுக்கச் சொல்கிறார்கள். கழுத்தும் மார்பும் அக்குளும் தெளிவாக விழ வேண்டுமாம். முழங்கை படத்துக்கு வெளியே போய்விடும்.

படத்தில் கழுத்திலும் நெஞ்சுக்குள்ளும் விளக்குப் போட்ட மாதிரி எரிந்தது. அக்குள் சுத்தம், வயிறு சுத்தம். கீமோ தொடங்கியது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போய்ப் படுத்து, மருந்து ஏற்றி, வாந்தியோடு வீடு திரும்பி, கொஞ்சம் எழுந்து உட்காரும்போது மறுபடி போக வேண்டும். புருவம்கூட உதிர்ந்துவிட்டது. எல்லா மருந்தும் முடிந்தபிறகு டாக்டரம்மா சொன்னார், "இப்ப இன்னொரு பெட்-சி.டி. எடுப்போம் சார். கல்லீரல் எப்பவும் ஓரளவுக்கு வெளிச்சமா இருக்கும், அதுதான் எங்களுக்கு அளவு. கட்டி இருந்த இடம் அதைவிட மங்கலா இருந்தா வைத்தியம் முடிஞ்சது. புதுசா எங்கயாவது பளிச்சுன்னு தெரிஞ்சா, இதைவிடப் பெரிய கீமோவுக்குப் போகணும். வார்டுல தனியா ரொம்ப நாள் இருக்க வேண்டியிருக்கும்."

இதைவிடப் பெரியது என்ற வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. செத்தாலும் பரவாயில்லை, இன்னொரு தடவை அந்தக் கட்டிலில் போய்ப் படுக்க என்னால் முடியாது என்று தோன்றியது. ஒரு வேலையும் ஓடவில்லை. சுற்றின கம்பியை எண்ணிக்கை மறந்து அவிழ்த்து, மறுபடி சுற்றினேன்.

நோய் வருவதற்கு முன்னால், மேலூர் தாண்டி ஒரு தோட்டத்தில் கிணற்று மோட்டார் மாட்டப் போனபோது, வழியில் ஒரு அம்மன் கோயிலில் ஈர வேட்டியோடு பிரகாரத்தில் உருளுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வண்டியை நிறுத்திச் சிரித்துவிட்டுத்தான் போனேன். ஸ்கேன் திங்கட்கிழமை என்று நாள் குறித்தபிறகு அந்தக் கோயில் என் நினைப்பைவிட்டுப் போகவே இல்லை. வெள்ளிக்கிழமை விடிந்ததும், "டவுனுக்குள்ள போயி செம்புக் கம்பி வாங்கிட்டு வாரேன்" என்று பேச்சியம்மாளிடம் சொல்லிவிட்டு மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறினேன். தெரிந்தவர் யாராவது ஏறினால் இறங்கிவிடலாம் என்று வாசல் பக்கமே உட்கார்ந்திருந்தேன்.

கோயில் குழாயடியில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு பிரகாரத்தில் படுத்தேன். உருளுவது சுலபம் என்று நினைத்திருந்தேன். இல்லை. தலை ஒரு பக்கம் போகிறது, கால் ஒரு பக்கம் போகிறது. நான் பாட்டுக்குச் சுவரில் போய் முட்டினேன். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார். "அண்ணே, சுவத்துப் பக்கம் போறீக. கைய மேல தூக்கிக் கும்பிட்டுக்கங்க, நான் தள்ளிவிடுறேன்" என்றார். தள்ளியும் விட்டார். என் மொட்டைத் தலையும் புருவமில்லாத முகமும் அவருக்கு என்ன சொல்லியதோ. "வேண்டுதல் யாருக்குண்ணே? வீட்டுக்காரம்மாவுக்கா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

அந்த இடத்தில், அந்தக் கல்லில் கிடந்துகொண்டு, எனக்குத்தான் நோய் என்று சொல்ல வாய் வரவில்லை. நோய் வராத பேச்சியம்மாளுக்கு நோய் என்று சொன்னேன். "மகராசி நல்லாயிருவாக" என்றார் அந்த அம்மா. இதை இன்றுவரை பேச்சியம்மாளிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதலில் எழுதுகிறேன்.

ஒரு சுற்று முடிந்தது. குமட்டியது, தலை சுற்றியது. என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குக் கேட்கவே தெரியவில்லை. எழுந்தபோது வலது முழங்கையில் தோல் வழன்று ரத்தம் கசிந்தது. முழுக்கைச் சட்டையின் கையை இறக்கிவிட்டுப் பஸ் ஏறினேன். கீமோவுக்குப் பிறகு எப்போதும் குளிர்கிறது என்று நான் முழுக்கைச் சட்டைதான் போடுவது, அதனால் வீட்டில் யாரும் கேட்கவில்லை. செம்புக் கம்பி கிடைக்கவில்லை என்று சொன்னேன்.

திங்கட்கிழமைக்குள் முழங்கை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. எதிர்ப்புச் சக்தி இல்லாத உடம்பு அல்லவா. ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கேட்டார்கள். காய்ச்சல்? இல்லை. தடுப்பூசி? இல்லை. அடி, காயம்? இல்லை. ஊசிக்கு இடது கையை நீட்டினேன். அவர்கள் கொடுத்த தொளதொள அங்கியின் கை முழங்கையை மூடியிருந்தது. அதற்குமேல் போர்வை. மிஷினில் கையைத் தலைக்கு மேல் தூக்கினேன், முழங்கை படத்துக்கு வெளியே போனது.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா படத்தைத் திருப்பிக் காட்டினார். கழுத்து மங்கிவிட்டது, நெஞ்சும் மங்கிவிட்டது. வலது அக்குளில் மட்டும் புதிதாக ஒரு புள்ளி, கல்லீரலைவிடப் பளிச்சென்று. "இது முன்னாடி இல்லாத இடம்" என்றார். "இது வேற காரணமாவும் இருக்கலாம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க சார். அந்தக் கைல காயம் ஏதும் பட்டுச்சா? ஊசி போட்டீங்களா? கொப்புளம், சிரங்கு?"

எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அது முழங்கைப் புண்ணுக்குக் கட்டின நெறி. எட்டாம் வகுப்போடு நிறுத்தினவனுக்கும் தெரியும். ஆனால் பக்கத்தில் பேச்சியம்மாள் உட்கார்ந்திருந்தாள், பின்னால் முத்துராசு நின்றான். "இல்லம்மா" என்றேன். டாக்டரம்மா விடாமல் இன்னும் இரண்டு தடவை கேட்டார். இல்லை, இல்லை. அப்படியென்றால் அந்தக் கணுவை வெட்டி எடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டுப் பெரிய கீமோவுக்குத் தயாராகலாம் என்றார். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் கத்தி வரும். நான் கத்தியே மேல் என்று உட்கார்ந்திருந்தேன். இப்படி ஒரு மடையனைப் பார்த்திருக்கிறீர்களா?

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குக் கிடைத்த சவுக்கடி. முத்துராசு எனக்குத் துணைக்கு வார்டில் தங்க அப்போதே லீவு சொல்லிவிட்டான். பேச்சியம்மாள் என் துணிகளைத் துவைத்து வெந்நீரில் அலசி, மடித்துப் பையில் வைத்தாள். சீழ் பட்ட சட்டைக் கையை மட்டும் குளிக்கும்போதே நான் கசக்கிவிட்டுப் போடுவேன். அவள் அடுப்படியில் நிற்கும்போது பின்னால் போய் நின்று சொல்லிவிடலாம் என்று போவேன். "என்ன, தண்ணி வேணுமா?" என்பாள். ஆமாம் என்று ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வருவேன். எனக்குள்ளேயே ஒரு சந்தேகமும் வந்துவிட்டது. நெறியாக இல்லாமல் உண்மையிலேயே நோயாக இருந்தால்? அப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்தச் சந்தேகத்துக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டேன்.

கணுவை எடுப்பதற்காக அட்மிட் ஆகப் போன அன்று, டாக்டரம்மாவின் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். முத்துராசு எதற்கோ பணம் கட்டப் போயிருந்தான். எதிர் பெஞ்சில் ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மாள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லுவேன், கோவிச்சுக்கக் கூடாது."

"என்ன?"

"அன்னிக்குக் காச அவுத்தீகள்ல, அதோட நான் விட்டது தப்பு. உங்களுக்குத் தெரியாம வேற எங்கயாச்சும் முடிஞ்சு வச்சிருக்கணும். நான் விட்டதுனாலதான் இப்பத் திரும்ப வந்திருக்கு. எம்மேலதான் தப்பு." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மொட்டை போடுறேன்னு வேண்டிக்கிட்டேன். இதுக்கும் கடையில வச்சுச் சிரிக்காதீக. ஒங்களக் கும்பிட்டுக் கேக்குறேன்."

என் வாழ்க்கையில் அவமானம் என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கோயிலில் உருண்டதெல்லாம் ஒரு அவமானமா? என் உயிருக்காக வேண்டிக்கொள்ள என் பெண்டாட்டி என்னிடமே பயந்து பயந்து அனுமதி கேட்கிறாள். அந்தப் பயத்தை இத்தனை வருஷமாக உட்கார்ந்து வளர்த்தவன் நான். அதுவும் போதாமல், நான் செய்த காரியத்துக்கு அவள் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருக்கிறாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். உட்காரும் முன்பே வலது சட்டைக் கையை மேலே ஏற்றினேன். துணி புண்ணில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"டாக்டரம்மா, நான் பொய் சொல்லிட்டேன். ஸ்கேனுக்கு மூணு நாளைக்கு முன்னாடி கோயில்ல அங்கப்பிரதட்சணம் பண்ணுனேன். அப்பச் செராய்ச்சது."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து வந்து கையுறை போட்டுக்கொண்டு முழங்கையைப் பார்த்தார், அக்குளை அழுத்திப் பார்த்தார், கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூணு தடவை கேட்டேனே சார்."

"வெக்கமா இருந்துச்சும்மா."

"கீமோ முடிஞ்ச உடம்பு இது. இந்தச் சீழ் ரத்தத்துல ஏறியிருந்தா கேன்சர் வரைக்கும் போயிருக்கவே வேண்டாம். இந்தப் புண்ணாலயே போயிருப்பீங்க." கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுவது தெரிந்தது. "இன்னிக்கு ஆபரேஷன் வேண்டாம். முதல்ல புண்ணை ஆத்துவோம். அப்புறம் அந்தக் கணுவை மறுபடி பாப்போம். வத்துனா சரி. வத்தலைன்னா எடுத்துத்தான் ஆகணும்."

வற்றிவிட்டது. புண் ஆறியபிறகு அல்ட்ராசவுண்ட் வைத்துப் பார்த்ததில் கணு பழையபடி சுருங்கியிருந்தது. சில மாதம் கழித்து எடுத்த பெட்-சி.டி.யில் அக்குள் இருட்டாக இருந்தது. பெரிய கீமோவுக்கு நான் போகவில்லை. இப்போது அவ்வப்போது போய்க் காட்டிவிட்டு வருகிறேன், கடையும் ஓடுகிறது. யார் நெற்றியைப் பார்த்தும் நான் எதுவும் கேட்பதில்லை. நோய் என்னைத் திருத்திவிட்டது என்று கடைக்கு வருகிறவர்கள் அவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள்.

ஆனால் அன்றைக்கு இதெல்லாம் தெரியாது. சீழை எடுத்துக் கட்டுப் போட்டு, மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பேச்சியம்மாள் ஆட்டோவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முத்துராசு பின்னால் பைக்கில் வந்தான். கோரிப்பாளையத்தில் வழக்கம்போல வண்டிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டு நின்றன. திட்டுவாள் என்று பார்த்தேன். அந்தக் காசைப் பற்றிக் கேட்பாள், டீயும் வடையும் இனித்ததா என்று கேட்பாள், கேட்டால் வாங்கிக்கொள்வோம் என்று தலை குனிந்திருந்தேன். அவள் கேட்டது வேறு.

"தனியாவா உருண்டீக?"

"ஒரு அம்மா தள்ளிவிட்டாக. பூ விக்கிறவுக."

"யாரு, தெரிஞ்சவுகளா?"

"இல்ல."

கட்டுப் போட்ட கையை எடுத்து, ஆட்டோ குலுங்கினாலும் இடிக்காதபடி தன் மடியில் இருந்த பைமேல் வைத்துக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஊரு பேரு தெரியாத ஒரு பொம்பள தள்ளிவிட்டிருக்கா. வீட்டுல நான் ஒருத்தி உசுரோடதான இருந்தேன்?" என்றாள்.